அங்கன்வாடி பயிற்சியில் பார்த்ததில் எது இன்னும் உறுத்துகிறது?

மேற்பார்வையாளர்:
முன்பருவக் கல்விக்கான புத்தாக்கப் பயிற்சி. "செலவில்லாக் கற்றல் பொருள்" என்று ஒரு தாம்பாளத்தைச் சுற்றில் விட்டார்கள். புளியங்கொட்டை, சோழி, நடுவில் ஒரு பிடி குன்றிமணி, அதுவும் கோப்பதற்காக ஓட்டை போட்டது. சிவப்பும் கறுப்பும் வண்ணம் பிரிக்க நல்லது என்று பயிற்றுநர் சொன்னதும் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். குன்றிமணி நச்சு விதை என்று சொல்ல ஒருவரும் கை தூக்கவில்லை. நம் மையங்களில் 2 வயது முடிந்ததுமே சேர்க்கிறோம். அந்த வயதில் கைக்குக் கிடைப்பது வாய்க்குத்தான் போகும்.

பணியாளர், 5 ஆண்டு அனுபவம்:
குன்றிமணியைக் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறீர்கள். மேல்தோல் கெட்டி, முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். எனக்கு உறுத்துவது கதை சொல்லும் செய்முறை. பெரியவர்களே குழந்தைகளாக உட்கார்ந்தார்கள். "இது என்ன?" "யானை!" "என்ன நிறம்?" "கறுப்பு!" மொத்த அறையும் கோரஸ். கதை முடியும்வரை ஒரு சொல்லுக்கு மேல் பதில் தேவைப்படும் கேள்வி ஒன்றுகூட வரவில்லை. "யானை ஏன் தண்ணிக்குள்ள இறங்குது?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடியிருக்க வேண்டும். 3 வயதுப் பிள்ளைக்குச் சொல் கூடிவர அந்த நேரம் வேண்டும். பெரியவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவதால், காத்திருக்கும் பழக்கம் அந்தப் பயிற்சியில் யாருக்கும் வரவே வராது.

செவிலியர், பயிற்சிகளுக்குப் போய்வருபவர்:
மேலே "முழுசாக விழுங்கினால்" என்று எழுதியவருக்கு: ஓட்டை போட்ட மணி முழுசு இல்லை. மேல்தோல் உடைந்ததுமே உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு வெளியே வர வழி கிடைத்துவிடுகிறது, மென்றாலும் அதேதான். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம், அதற்குள் "ஒண்ணும் ஆகலை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மிச்ச மணியையும் கையில் எடுத்துப் போங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் பொருள் தேர்வு பற்றிச் சொல்லிவிடுகிறேன். 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அளவுதான் முதல் விதி. சிறு பொருள் சோதனை உருளையின் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். தண்ணீர் பாட்டில் மூடிகூட அதில் விழுந்துவிடும், அதைத்தான் எல்லா மையத்திலும் சேர்த்து வைத்திருக்கிறோம். விளிம்பைத் தேய்த்த கொட்டாங்குச்சி, நார் நீக்கிக் காயவைத்த பனங்கொட்டை, பெரிய காலி நூல்கண்டு, இவை போதும். கோக்கும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும். கொண்டைக்கடலை, பட்டாணி மூக்கில் போனால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறதென்று சந்தேகப்படுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். புளியங்கொட்டையை 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். உதவியாளர் சமையலில் இருக்கும் நேரத்தில் அதுவும் வேண்டாம்.

மேற்பார்வையாளர்:
நன்றி. மஞ்சாடிக்கும் குன்றிமணிக்கும் வித்தியாசத்தையாவது பயிற்சியில் காட்ட வேண்டும். மஞ்சாடி முழுச் சிவப்பு, கறுப்புக் கண் இருக்காது. ஆனால் விழுங்கும் அளவுதான், ஆகவே சின்னவர்களுக்கு அதுவும் கூடாது.

வேறொரு பணியாளர்:
விதையை விடுங்கள். குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளப்பதை பொம்மையை வைத்துக் காட்டினார்கள். பொம்மை முழங்காலை மடக்காது! நிஜக் குழந்தை உதைக்கும். அம்மா குழந்தையின் தலையை அளவுப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, நாம் ஒரு கையால் முழங்காலை அழுத்தி, மறு கையால் பாதப் பலகையைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கால் மடங்கியிருந்தால் நீளம் குறைந்து பதிவாகிறது. அதனால் குள்ளத்தன்மை இல்லாத பிள்ளைக்குக் குள்ளம் என்று வரும். அதைவிட மோசம், நீளத்துக்கு ஏற்ற எடை சரியாக இருப்பதுபோல் தெரிந்து, மெலிந்த பிள்ளை ஊட்டச்சத்துக் குறைபாட்டுப் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போகும். ஒரே குழந்தையை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, எண்ணை ஒப்பிடச் சொல்லாத பயிற்சியால் இந்தப் பிழை பிடிபடாது. 2 வயதுக்குள் படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து. பெரிய பிள்ளை நிற்க முடியாமல் படுக்கவைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும். இதையாவது அந்தப் பலகையின் ஓரத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கலாம்.