சாகை மீனுக்குத் தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கொலம்பசிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஓகையோ ஏரிகளில் தூண்டில் போடுவது பற்றி நாலு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அப்பாக்களுக்காக. வெள்ளிக்கிழமை அச்சு. மீன் பெயர் ஒன்றுதான் இழுக்கிறது: சாகை. வால்ஐ என்ற மீனின் பெட்டைக்கும் சாகர் என்ற மீனின் ஆணுக்கும் பிறந்த கலப்பினம். குஞ்சு பொரித்து ஏரிகளில் விடுகிறார்கள். கலங்கல் தண்ணீரை வால்ஐயைவிட நன்றாகத் தாங்கும். ஒலிபெயர்த்து 'சாகை' என்றே எழுதியிருந்தேன். படித்த மாமனார், "யாருடைய சாகை? எங்கே தங்குகிறார்?" என்று கேட்டுவிட்டார்.

மதுரையிலிருந்து:

முந்திக்கொண்டு சொல்கிறேன், யாரும் 'சுவர்க்கண்' என்று கிளம்ப வேண்டாம். வால்ஐயில் உள்ள 'வால்' சுவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அல்ல. பழைய நார்சு மொழியில் கண்ணில் படரும் படலத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அறிவியல் பெயரில் உள்ள 'விட்ரியசு' லத்தீனில் கண்ணாடி போன்றது என்று பொருள்படும். பூனைக்கு இருப்பதுபோல இதன் விழித்திரைக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. ஆகவே தாய் மீன் பளிங்குக்கண்ணி. அன்மொழித்தொகை, இலக்கணச் சுத்தம். கயற்கண்ணி குடியிருக்கும் ஊர்க்காரன் நான், கண்ணை வைத்து மீனுக்குப் பெயரிட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, கண்ணி என்றால் சுருக்கு. மீன்பிடிக் கையேட்டில் 'இரவில் பளிங்குக்கண்ணி' என்று படித்தால் கடையில் போய் அந்தக் கருவியைக் கேட்பார்கள். 'பளிங்குவிழி' என்று மாற்றலாம்.

மட்டக்களப்பிலிருந்து:

எங்கட வாவியில் கொடுவா இருக்கிறது. இரவில் டோர்ச் அடித்தால் கண் மினுங்கும். 'ஏரிக்கொடுவா' என்றால் சனத்துக்கு உடனே விளங்கும்தானே?

கொலம்பசிலிருந்து:

விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும் அண்ணா. கொடுவா வேறு குடும்பம். அப்புறம், பளிங்குவிழி தாய்க்குப் பொருந்தும், பிள்ளைக்கு? வேறுபாடு முக்கியம். வால்ஐக்கு வாலின் கீழ்நுனி வெள்ளை. சாகருக்கு முதுகுத் துடுப்பில் வரிசையாகப் புள்ளிகள். சாகைக்கு அந்தத் துடுப்பின் முள்களுக்கு நடுவே நீளவாட்டில் கருந்தீற்றல்.

திருச்சியிலிருந்து:

கலப்புக்குத் தமிழில் சொல்லா இல்லை? குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது அத்திரி. நெய்தல் பாட்டில் சுறா தாக்கிய காலோடு அத்திரி வருமே! 'அத்திரிமீன்' என்று வைத்தால் கடலும் வந்துவிடுகிறது.

கோவையிலிருந்து:

அத்திரி குட்டி போடாது. சாகையோ தாயினத்தோடும் தந்தையினத்தோடும் சேர்ந்து இனம் பெருக்கக்கூடியது. உவமை அங்கேயே உடைகிறது. வேளாண்துறையில் நாங்கள் அன்றாடம் சொல்வது 'வீரிய ஒட்டு'. வேகமாக வளர்வதால் வீரியமும் பொருத்தம்தான்.

மதுரையிலிருந்து:

ஒட்டுவது மாஞ்செடியில். மீனை எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்கள்?

கொலம்பசிலிருந்து:

கையேட்டின் பத்தியையே தருகிறேன், பெயரை இதில் பொருத்திப் பாருங்கள்:

"இளவேனில் தொடக்கத்தில், ஏரியின் பனிக்கட்டி கரைந்ததும், சாகை அணைக்கரைக் கற்களை ஒட்டி முட்டையிடக் கூடும். பொழுது சாய்ந்தபின் கரையிலிருந்தே பிடிக்கலாம். கோடையில் மேட்டுத்திட்டுகளின் மேல் படகை மெல்ல ஓட்டி, பொய்மீனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இலையுதிர்காலத்தில் ஷாட் என்ற மீனின் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு மறுபடி கரைக்கு வரும், இரவுதான் நேரம். குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளையிட்டு, சிறுமீன் தலை செருகிய உலோக இரையை அடித்தரைக்குச் சற்று மேலே ஏற்றி இறக்க வேண்டும்."

இந்தியன் ஏரியில் நானும் இப்படித்தான் பிடிக்கிறேன். அமெரிக்கப் பழங்குடியினரை வைத்து வந்த பெயர்தான், ஆனாலும் மாமனார் 'நம்ம ஏரி' என்கிறார்.

திருச்சியிலிருந்து:

பெயர் கிடக்கட்டும். இளவேனில் சித்திரை, வைகாசி. நீங்கள் சொல்லும் முட்டையிடும் காலம் மார்ச், ஏப்ரல் என்றால் பெரும்பகுதி பங்குனி, அது பின்பனி. மீன் சரியாகத்தான் வருகிறது, மொழிபெயர்ப்புதான் தாமதம்.

நாகர்கோவிலிலிருந்து:

ஓகையோவுக்குத் தொல்காப்பியப் பருவமா? 'பனி உருகும்போது' என்று எழுதுங்கள், போதும். 'அணைக்கரைக் கற்கள்' மட்டும் சப்பென்று இருக்கிறது. ஏரிக்கரையின் உள்சரிவில் அலை அரிக்காமல் அடுக்கும் கல்லுக்கு நம் ஊரில் 'அலைக்கல்' என்ற சொல் இருக்கிறதே.

கோவையிலிருந்து:

அருமை. அலைக்கல்.

மட்டக்களப்பிலிருந்து:

அலைக்கல் நல்லாயிருக்கு.

கொலம்பசிலிருந்து:

வியாழன் இரவு ஆகிவிட்டது. பனி உருகும் காலத்தையும் அலைக்கல்லையும் சேர்த்துவிட்டேன். பெயருக்கு வந்த கணக்கு: சாகை 5, பளிங்குவிழி 2, அத்திரிமீன் 1. உரிம விதியில் ஒரு நாளுக்கு இத்தனை என்று வால்ஐ, சாகர், சாகை மூன்றையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். வனவிலங்குத் துறைக்காரர் வாளியைப் பார்த்துக் கேட்கும்போது அப்பாக்கள் வாயில் 'சாகை' வந்தால்தான் காரியம் நடக்கும். முதல் இடத்தில் மட்டும் 'சாகை என்னும் பளிங்குவிழிக் கலப்பு மீன்' என்று போடுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:

என் மறுப்பு பதிவாகட்டும். சாகை என்பது மீனே அல்ல, முகவரி. இன்னொன்று, எங்கள் கண்மாய்ப் பக்கம் க் இல்லாமல் 'அலைகல்' என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. அலைக்கின்ற கல், அலைத்த கல் என்று விரித்தால் வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. அச்சுக்குப் போய்விட்டதா, இன்னும் நேரம் இருக்கிறதா?