புஜங்காசனத்தில் இடுப்பு பிடிக்கிறது, எங்கே தவறு?

வணக்கம். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்காரும் வேலை எனக்கு. வயது 46. முதுகு பலகை மாதிரி இறுகிப்போனதால், இரண்டு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் புஜங்காசனம் (பாம்பு படமெடுப்பதுபோல் மார்பைத் தூக்கும் யோகாசனம்) செய்கிறேன்.

குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, மூச்சை இழுத்தபடி தலை, மார்பு என்று தூக்குகிறேன். அதுவரை சரி. கையை முழுதாக நீட்டினால் தொப்புள் பாயை விட்டு எழும்பிவிடுகிறது. அந்த நொடியே இடுப்பில் சுருக்கென்று ஒரு பிடிப்பு. மேல்முதுகோ அசைவதே இல்லை.

முழங்கைகளைத் தரையில் ஊன்றிப் பாதி உயரத்தில் நின்றால் வலி இல்லை, ஐந்து மூச்சு இருக்க முடிகிறது. இது ஏமாற்று வேலையோ என்று ஒரு சந்தேகம். (முன்பு போன வகுப்பில் "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்றே விரட்டுவார்கள். போவதை நிறுத்திவிட்டேன்.)

இப்படியே தொடரலாமா? கால்களைச் சேர்த்து வைப்பதா, கொஞ்சம் விரிப்பதா? எழும்பும்போது பிட்டத்தை இறுக்க வேண்டுமா? டாக்டரிடம் காட்டியாயிற்று, தசைப்பிடிப்புதான் என்றார். வலி காலுக்கு இறங்குவதில்லை, மரத்துப்போவதும் இல்லை. வீடியோ லிங்க் வேண்டாம், நிறையப் பார்த்துக் குழம்பிவிட்டேன். செய்து பழகியவர்கள் சொல்லுங்களேன்.