புதுப்பிப்பு: ஜக்கார்டு பெட்டியில் தூக்காத இழைகள், அட்டை மட்டும் காரணமல்ல

ஜக்கார்டு பெட்டி என்பது தறியின் மேல் இருந்து, துளையிட்ட அட்டைகளின்படி இழைகளைத் தூக்கிப் பூ வேலை செய்யும் கருவி. பூ வேலையில் சில பாவு இழைகள் (நீளவாக்கு நூல்கள்) தூக்காமல் நிற்பதற்கு அட்டை தேய்ந்ததே காரணம் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. அட்டை மாற்றியும் பிழை தொடர்ந்தால் சிலிண்டரைப் (அட்டையைத் தாங்கி ஊசிகள் மேல் அழுத்தும் நான்கு பக்கக் கட்டை) பாருங்கள்.

அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு இணைந்து இழையைத் தாங்கும் கொக்கி, மேலே தூக்கும் பட்டையான கத்தியின் மேலேயே நிற்கும், இழை எழும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்பட்டு, கொக்கி கத்தியை விட்டு விலகும். ஆகவே சிலிண்டர் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் ஊசி துளையின் விளிம்பில் இடித்து, எழ வேண்டிய இழை கீழேயே தங்கிவிடும்.

சோதிக்க, எல்லாத் துளைகளும் குத்திய அட்டை ஒன்றை மாட்டி, ஊசி முனைகளில் மை தடவி, சிலிண்டரை மெதுவாக அழுத்துங்கள். விளிம்பில் மை படிந்தால், எந்தப் பக்கம் நகர்ந்துள்ளது என்பது உடனே தெரியும். ஒரு ஓரத்தில் மட்டும் படிந்தால் சிலிண்டர் கோணலாக இருக்கிறது. சிலிண்டரைத் தாங்கும் திருகைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் சிலிண்டர் சரியாகக் கால் சுற்று திரும்பித் தட்டையாக அமர வேண்டும். அமராவிட்டால் அதை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லை மாற்றுங்கள்.

தேவையில்லாத இழைகள் பரவலாக எழுந்தால் கோளாறு வேறு: கத்தி மேலேறத் தொடங்கிய பிறகே சிலிண்டர் வந்து அழுத்துகிறது. அதற்குள் கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன. ஒரே இழை எப்போதும் எழுந்தால், அந்தக் கொக்கியின் வளைவைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் அட்டை ஈரம் உறிஞ்சி விரிவதால், இந்தச் சோதனையை அப்போது மறுபடியும் செய்யுங்கள்.