வால்ட் டிஸ்னி வேர்ல்ட்: ரைடுக்கு எத்தனை மார்க், வரிசைக்கு எத்தனை மார்க்?

ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். பத்துக்கு ஒன்பது, பத்துக்கு ஏழரை என்று அங்குள்ள ரைடுகளுக்கு மார்க் போட்ட பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. எத்தனை நிமிடம் நின்ற பிறகு கிடைத்த ஒன்பது அது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மேஜிக் கிங்டமில் உள்ள பீட்டர் பான்ஸ் ஃப்ளைட் சுமார் மூன்று நிமிடம்தான். பத்து நிமிடம் நின்று ஏறினால் எட்டு கொடுக்கலாம். எழுபது நிமிடம் நின்றால் நான்கே அதிகம்.

வரிசை நீள்வதற்கு ரைடின் புகழ் பாதிக் காரணம். ஆளை ஏற்றும் விதம் மீதிப் பாதி. ஹாண்டட் மேன்ஷனில் வண்டிகள் சங்கிலி கோத்த மாதிரி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். நகரும் பட்டையில் நடந்தபடியே ஏறி உட்கார வேண்டியதுதான். மணிக்கு 2,000 பேருக்கு மேல் விழுங்கிவிடும். வெளியே கூட்டத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், சரசரவென நகரும். பீட்டர் பானிலும் நகரும் பட்டைதான், ஆனால் உட்காரும் கப்பல் வடிவ வண்டி சின்னது. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். யானை வடிவ வண்டிகள் வட்டமாகச் சுற்றும் டம்போ இன்னொரு வகை: எல்லோரும் இறங்கி, எல்லோரும் ஏறி, பெல்ட் சரிபார்த்த பிறகே சுற்றும். 2012-இல் இரண்டாவது சுற்றையும் சேர்த்து 32 யானைகள் ஆக்கிய பிறகுதான் அந்த வரிசைக்குக் கொஞ்சம் விடிவு.

ஸ்பேஸ் மவுண்டனில் கவனிக்க வேண்டியது தடம். உள்ளே இரண்டு தடங்கள். ஒரு ராக்கெட்டில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர். ஒரு தடம் நின்றாலே காத்திருப்பு இரட்டிப்பாகும், காத்திருப்பு நிமிடங்களைக் காட்டும் வாசல் பலகையில் உள்ள எண் அதைச் சற்றுத் தாமதமாகத்தான் காட்டும். வாசலில் உள்ள ஊழியரிடம் இரண்டும் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்தான். 1975-இல் திறந்த ரைடு இன்றும் வயிற்றைக் கலக்குவது இருட்டால். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாததால் கழுத்து தயாராக இருப்பதில்லை. கழுத்துவலி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

*

மேலே சொன்னது சரி. ஆனால் மேஜிக் கிங்டமுக்கு மார்க் போடுவதற்கு முன் அங்கே போய்ச் சேர்வதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற மூன்று பூங்காக்களிலும் கார் நிறுத்துமிடம் வாசலுக்குப் பக்கம். இங்கே கார் நிறுத்துவது ஏரிக்கு மறுகரையில். பாதுகாப்புச் சோதனையும் அங்கேயே. அப்புறம் மோனோரயில் அல்லது படகு. காரில் வருபவர்கள் திறப்பு நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக நிறுத்துமிட வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். டிஸ்னி ஹோட்டல் பஸ் நேராகப் பூங்கா வாசலிலேயே இறக்கிவிடும்.

டிஸ்னி ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு எல்லாப் பூங்காவிலும் தினமும் அரை மணி நேரம் முன்கூட்டி அனுமதி. மேஜிக் கிங்டமில் அந்த அரை மணியில் திறந்திருப்பது ஃபேண்டஸிலேண்ட், டுமாரோலேண்ட் என்ற இரண்டு பகுதிகள்தான். அந்தச் சலுகை இருந்தால் நேராக செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், இறங்கியதும் பக்கத்திலேயே பீட்டர் பான். சலுகை இல்லையென்றால் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. நீங்கள் போகும்போது முந்தி வந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பி நிற்பார்கள். இடதுபுறம் திரும்பி, அட்வெஞ்சர்லேண்ட் பகுதியைத் திறக்கும் வரை குறுக்கே பிடித்திருக்கும் கயிற்றுக்குப் பின்னால் நின்று, கயிறு விழுந்ததும் ஜங்கிள் க்ரூஸ். பகல் முழுக்க நத்தை வேகத்தில் நகரும் வரிசை அது. காலையில் ஒரு படகு தாமதித்தால் அடுத்ததில் ஏறிவிடலாம். கயிறு விழுந்ததும் ஓடாதீர்கள். ஊழியர்கள் நிறுத்துவார்கள், அதிலேயே நேரம் போகும்.

எப்காட்டுக்கு இரண்டு வாசல். 'ராட்டடூயி' படத்து எலியான ரெமியின் ரைடு பிரான்ஸ் பகுதியில் இருக்கிறது. பின்வாசல் வழியாக நுழைந்தால் ஐந்து நிமிட நடை. முன்வாசலில் இருந்தால் ஏரியைச் சுற்றி கால் மணி நேரத்துக்கு மேல். ஸ்கைலைனர் கேபிள் கார் இறக்கிவிடுவதும் பின்வாசலில்தான். அதனால் முதல் ரைடு எது என்று முடிவு செய்துவிட்டு வாசலைத் தேர்ந்தெடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

*

காசு கொடுத்தவர்கள் நீண்ட வரிசையைத் தவிர்த்துப் போகும் தனி வழியான லைட்னிங் லேனைப் பற்றிப் பேசாமல் மார்க் பேச்சுக்கே அர்த்தமில்லை. 2024 ஜூலை 24 முதல் உள்ள முறை இது. மல்டி பாஸ் வாங்கினால் முன்கூட்டியே ஒரே பூங்காவில் மூன்று ரைடுகளுக்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் வந்து சேரும் நாளுக்கு ஏழு நாள் முன்னதாக, தங்கும் காலம் முழுமைக்கும், அதிகபட்சம் 14 நாட்களுக்கு எடுக்கலாம். மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னதாக. திறப்பது ஃப்ளோரிடா நேரப்படி காலை 7 மணி. வேறு நாட்டிலிருந்து எடுப்பவர்கள் கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள் என்பதை மறந்து தவறவிடுகிறார்கள்.

அனிமல் கிங்டம் தவிர மற்ற மூன்றிலும் ரைடுகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் குழுவில் ஒன்று, இரண்டாம் குழுவில் இரண்டு என்றுதான் எடுக்க முடியும். முதல் நேரத்தைப் பயன்படுத்தி ரைடு வாசலில் டிக்கெட்டைத் தட்டியவுடனே அடுத்தது ஒன்று எடுக்கலாம். அப்போது இந்தக் குழுக் கணக்கு கிடையாது.

நடக்கும் தவறுகளில் பெரியது இங்கேதான். மூன்றையும் மாலைக்கு வைத்துவிடுவார்கள். முதலாவது பயன்படுத்தப்படும் வரை நான்காவது கிடைக்காது. எனவே பகல் முழுக்கப் பாஸ் சும்மா கிடக்கும். எது கிடைத்தாலும் சரி, ஒன்றைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் வையுங்கள். அது சாதாரண ரைடாக இருந்தாலும் பரவாயில்லை, பூட்டைத் திறக்கும் சாவி அதுதான். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டே போனால் ஒரு நாளில் ஏழெட்டுகூட முடியும்.

இன்னொரு சிக்கல்: குடும்பத்தில் ஒருவருடைய டிக்கெட் மட்டும் டிஸ்னியின் ஆப்பில் இணைக்கப்படாமல் இருக்கும். ஏழு மணிக்கு நான்கு பேருக்குப் பதில் மூன்று பேருக்கு எடுபட்டு, நான்காவது ஆளுக்கு வேறு நேரம் வரும். முதல் நாள் இரவே எல்லோர் பெயருக்கும் எதிரே டிக்கெட் தெரிகிறதா என்று பார்த்து, கார்டையும் ஆப்பில் சேமித்து வையுங்கள்.

ட்ரான் (மேஜிக் கிங்டம்), காஸ்மிக் ரீவைண்ட் (எப்காட்), ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் (ஹாலிவுட் ஸ்டுடியோஸ்), ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் (அனிமல் கிங்டம்) போன்ற பெரிய ரைடுகள் மல்டி பாஸில் வராது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு, சிங்கிள் பாஸ். விலை பூங்காவுக்குப் பூங்கா, நாளுக்கு நாள் மாறும். என் கணக்கில் காசு கொடுத்ததற்குப் பலன் அதிகம் ஹாலிவுட் ஸ்டுடியோஸிலும் மேஜிக் கிங்டமிலும். அனிமல் கிங்டமில் மல்டி பாஸ் வாங்குவது வீண்.

*

ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பற்றி மேலே ஒரு வரியில் போய்விட்டது. அங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்லிங்கி டாக் டாஷ் சிறு பிள்ளைகளும் ஏறக்கூடிய ரோலர் கோஸ்டர், தலைகீழ் சுற்று எதுவும் கிடையாது. அதனால் பயந்தவர், பயப்படாதவர் எல்லோருமே அந்த வரிசையில்தான். நிற்பது வெயிலில். ரைடுக்கு எட்டு, மதிய வரிசைக்கு இரண்டு.

ஸ்டார் வார்ஸ் ரைடான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு ஒன்பதரை கொடுப்பேன், நம்பகத்தன்மைக்கு ஐந்து. கிட்டத்தட்ட 18 நிமிடம் நீளும் இந்த ரைடில் ஒரு விண்கப்பல் அறை, தண்டவாளம் இல்லாமல் ஓடும் வண்டி, ஆடும் மேடை, கீழே விழும் பெட்டி என்று நான்கு வேறுவேறு இயந்திரங்கள் ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கின்றன. ஒன்று நின்றால் பின்னால் உள்ளது எல்லாம் நிற்கும். காலையில் திறந்ததும் நிற்பதும் உண்டு. வெளி வரிசையில் இருக்கும்போது நின்றுவிட்டதாக அறிவித்தால், வரிசை சின்னதாக இருந்தால் மட்டும் பொறுத்துப் பாருங்கள். கப்பல் அறைக்குள் நுழைந்த பிறகு நின்றால் நகரவே வேண்டாம். வெளியேற்றினாலும் பொதுவாகத் திரும்பி வரப் பாஸ் கொடுப்பார்கள்.

ஸ்டார் வார்ஸ் விண்கப்பலை நாமே ஓட்டும் ஸ்மக்லர்ஸ் ரன்னுக்கு ஒரே மார்க் போடவே முடியாது. விமானி அறையில் ஆறு பேர்: முன்னால் இரண்டு பைலட், நடுவில் இரண்டு துப்பாக்கிக்காரர், கடைசியில் இரண்டு இன்ஜினியர். இடது பைலட் கப்பலை இடம் வலமாகத் திருப்புவார், வலது பைலட் மேலும் கீழும். இருவரும் பேசிவைத்து ஓட்டாவிட்டால் முட்டிக்கொண்டே போகும். பைலட்டுக்கு ஒன்பது, இன்ஜினியருக்கு ஆறு. மீதமுள்ள காலி இருக்கையை நிரப்பும் தனியாள் வரிசையில் போனால் காத்திருப்பு குறையும், ஆனால் பெரும்பாலும் கடைசி வரிசைதான் வாய்க்கும்.

டவர் ஆஃப் டெரரைச் சும்மா விழும் லிஃப்ட் என்று நினைக்கிறார்கள். மோட்டார் அதைக் கீழே இழுக்கிறது, தானாக விழுவதைவிட வேகமாக. இடுப்புப் பெல்ட் மட்டுமே உங்களைப் பிடித்திருக்கும் அந்த நொடியில் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரியும். எத்தனை முறை, எவ்வளவு உயரத்திலிருந்து என்பதைக் கணினி மாற்றிக்கொண்டே இருப்பதால் மறுமுறை ஏறினாலும் சலிக்காது. கட்டடம் 199 அடி. 200-ஐத் தொட்டால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கு வைத்தாக வேண்டும், பழைய ஹோட்டல் தோற்றம் கெட்டுவிடும்.

*

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு உயரக் கணக்கு. 97 செ.மீ. இருந்தால் செவன் ட்வார்ஃப்ஸ், ஸ்லிங்கி, ஸ்மக்லர்ஸ் ரன். 102 செ.மீ. இருந்தால் டவர் ஆஃப் டெரர், ரைஸ், சோரின், டெஸ்ட் ட்ராக், டியானாஸ் பயூ. 107-க்கு காஸ்மிக் ரீவைண்ட். 112-க்கு ஸ்பேஸ் மவுண்டன், எவரெஸ்ட், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ். 122-க்கு ட்ரான். வாசலில் கோல் வைத்து அளப்பார்கள். ஒரு ரைடில் விட்டுவிட்டார்கள் என்பதற்காக அடுத்ததில் விடமாட்டார்கள்.

குழந்தைக்கு உயரம் போதாவிட்டால் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். குழந்தை உட்பட எல்லோரும் சேர்ந்து வாசல் ஊழியரிடம் போக வேண்டும். ஒரு பெரியவர் வரிசையில் போவார். குழந்தையோடு நிற்பவரின் டிக்கெட்டில் திரும்பி வரும் நேரம் ஏற்றப்படும். அவர் பிறகு லைட்னிங் லேன் வழியாகப் போகலாம். அப்பா வரிசையில் நுழைந்த பிறகு அம்மா ஓடிவந்து கேட்டால் காரியம் நடக்காது. முதலிலேயே சொல்ல வேண்டும். இதற்குக் காசு இல்லை.

உடல்வாகையும் பாருங்கள். ஃப்ளைட் ஆஃப் பாசேஜிலும் ட்ரானிலும் பைக்கில் குனிந்த மாதிரி உட்கார வேண்டும். கெண்டைக்காலையும் முதுகையும் பின்னாலிருந்து ஒரு தடுப்பு அழுத்திப் பிடிக்கும். கெண்டைக்கால் பருத்தவர்களுக்குப் பூட்டு விழாது. வெளியே மாதிரி இருக்கை இருக்கிறது, வரிசையில் நிற்கும் முன்பே உட்கார்ந்து பார்த்துவிடலாம். ட்ரானில் பின்பக்கம் சாதாரண இருக்கை கொண்ட பெட்டியும் உண்டு, ஊழியரிடம் கேட்டால் தருவார்கள். அங்கே பைகளை இலவச லாக்கரில் வைத்தாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கும் போனுக்கும் பைக்கின் முன்னால் சின்ன அறை இருக்கிறது.

எப்காட்டின் மிஷன் ஸ்பேஸில் ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு வகை. ஆரஞ்சு உண்மையிலேயே சுழலும் இயந்திரம். தலையைத் திருப்பினாலோ கண்ணை மூடினாலோ குமட்டும், எதிரே உள்ள திரையையே பாருங்கள். பச்சையில் சுழற்சி இல்லை. காஸ்மிக் ரீவைண்ட் பின்பக்கமாகக் கிளம்பி வண்டியையும் திருப்பிக்கொண்டே போகும். சாப்பிட்ட கையோடு ஏறாதீர்கள்.

*

மழை பத்தி இன்னும் சொல்லலையே. கோடையில மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் அங்க வாடிக்கை. பக்கத்துல மின்னல் வந்தாலே வெளியில ஓடுறதெல்லாம் நிறுத்திருவாங்க: ஸ்லிங்கி, எவரெஸ்ட், டம்போ, ஜங்கிள் க்ரூஸ். ஸ்கைலைனரும் நிக்கும். கூட்டம் மொத்தமும் கூரைக்குள்ள ஓடுறதால உள்ள இருக்குற ரைடுகள்ல வரிசை குபீர்னு ஏறும். அந்த நேரத்துக்குன்னே கரோசல் ஆஃப் ப்ராக்ரஸை எடுத்து வைங்க. 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செஞ்சது, மேடை அப்படியே இருக்கும், நாம உக்காந்திருக்கிற அரங்கம்தான் சுத்தும். இருபது நிமிஷம், ஏசி, காத்திருப்பு கிட்டத்தட்ட கிடையாது. சாதாரண நாள்ல அஞ்சு, மழையில ஒன்பது.

மழை விட்டதும் என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்க கம்மி. வெளி ரைடு திரும்பத் திறக்குற முதல் கால் மணி நேரம் வரிசை காலியா இருக்கும், ஏன்னா பாதிப் பேர் ஹோட்டலுக்குக் கிளம்பியிருப்பாங்க. ஆப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நில்லுங்க. அனிமல் கிங்டம் சஃபாரிக்கும் மழைக்கப்புறம் போறதுதான் லாபம். உச்சி வெயில்ல நிழல்ல படுத்துக் கிடக்குற மிருகமெல்லாம் குளிர்ந்ததும் வெளிய வரும். இல்லேன்னா காலைல முதல் மணி நேரத்துல போயிருங்க.

அனிமல் கிங்டம்ல இருக்குற எவரெஸ்ட் ரோலர் கோஸ்டருக்கு எட்டு. ஒன்பதுதான் போட்டிருக்கணும். உள்ள இருக்குற பனிமனிதன் 2006-ல திறந்த கொஞ்ச நாள்லயே அசையறதை நிறுத்திட்டான். விளக்கை மின்ன மின்ன அடிச்சு அசையற மாதிரி காட்டுறாங்க. அந்த ஒரு மார்க் அவனுக்குப் போச்சு.

*

பலகையில் காட்டும் நிமிடங்களை எவ்வளவு நம்பலாம் என்று பலருக்குக் குழப்பம். நுழையும் ஒருவர் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, அவர் ஏறும் இடத்தில் அதை வாங்கி நேரத்தை அளக்கும் முறை உண்டு. ஆக, பலகையில் தெரிவது கொஞ்சம் முன்னால் நுழைந்தவரின் கதை. கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும் காலையில் உண்மை அதைவிட மோசமாக இருக்கலாம். வடிந்துகொண்டிருக்கும் இரவில் பெரும்பாலும் பலகையைவிடக் குறைவு.

அதனால் கடைசி ரைடுதான் மலிவான ரைடு. மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் கால் வைத்துவிட்டாலும் ஏற்றிவிடுவார்கள். மேஜிக் கிங்டமில் வாண வேடிக்கை முடிந்ததும் மோனோரயிலுக்கும் படகுக்கும் கூட்டம் நெருக்கும். அந்த நேரத்தில் அதோடு போகாமல் செவன் ட்வார்ஃப்ஸ் வரிசையில் நில்லுங்கள். இறங்கி வரும்போது படகுத்துறை ஏறக்குறைய காலியாக இருக்கும். ஹோட்டல் பஸ்கள் மூடிய பிறகும் ஒரு மணி நேரத்துக்காவது ஓடும். ஸ்லிங்கியில் இரவு நின்றால் வெயிலும் இல்லை, தண்டவாள விளக்குகளும் எரியும்.