பாலிஷ் போட்டால் துணி சிவக்கிறது, பெயிண்ட் போகிறதா? அவசரம்

சிவப்புக்குதிரை:
வணக்கம். அப்பாவின் பழைய சிவப்பு கார், வெயிலில் நின்று வெளுத்துவிட்டது. காலையில் கழுவிவிட்டு பானெட்டில் பாலிஷ் போட்டேன். வெள்ளைப் பனியன் துணி நாலு தேய்ப்பில் செம்பருத்தி நிறம்! பயந்து நிறுத்திவிட்டேன். இப்போது பானெட் பாதி பளபள, பாதி சாம்பல் பூத்த மாதிரி. என்ன செய்வது?

துடைப்பான்77:
எந்த வருட வண்டி? பாலிஷ் என்றால் மெழுகா, மேல்தோலைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்டா? கையாலா, மெஷினாலா?

மெழுகுமணி:
சூடான பானெட்டில் போட்டிருப்பீர்கள். நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள், சரியாகிவிடும்.

பழையஎன்ஜின்:
சூட்டுக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு தடவை. மெட்டாலிக் இல்லாத நிறம் அடித்த பழைய வண்டிகள் பலவற்றில் பெயிண்ட் ஒரே வகைப் பூச்சுதான், மேலே கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) கிடையாது. வெளுத்த மேல்தோல் துணியில் வரத்தான் செய்யும். கிளியர் கோட் உள்ள வண்டியில் நிறம் வந்தால்தான் ஆபத்து. அந்த அடுக்கையே தேய்த்துத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நுரைப்பந்து:
கழுவியது எதில்? பாத்திரம் கழுவும் சோப்பா? அதுதான் காரணம்.

மெழுகுமணி:
அது மெழுகைத்தான் எடுக்கும், பெயிண்டை எடுக்காது. பாலிஷுக்கு முன்னால் பழைய மெழுகு போவது நல்லதுதானே.

நுரைப்பந்து:
கதவு ரப்பர் காய்ந்து போகும்.

மெழுகுமணி:
ஒரு தடவை கழுவினால் காயுமா? நான் வருடக்கணக்கில் அதில்தான் கழுவுகிறேன்.

நுரைப்பந்து:
உங்கள் ரப்பரைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

சிவப்புக்குதிரை:
காம்பவுண்ட்தான், கையால்தான். 1989 வண்டி. பானெட்டை மட்டும் ஒரு தடவை மறுபடி அடித்ததாக அப்பா இப்போதுதான் சொல்கிறார்.

பழையஎன்ஜின்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். அப்படியானால் கதவைப் பார்த்து பானெட்டை முடிவு செய்யாதீர்கள். தேய்க்காத பாதியில் விரலை வைத்து இழுங்கள். இளஞ்சிவப்பாய் மாவு ஒட்டினால் கிளியர் கோட் இல்லை, தைரியமாகத் தொடரலாம். வெள்ளை ஓரத்தோடு செதில் செதிலாக உரிந்திருந்தால் கிளியர் கோட் போய்விட்டது, எந்தப் பாலிஷும் மீட்காது.

துடைப்பான்77:
தைரியம் அளவோடு இருக்கட்டும். மொத்தப் பெயிண்டே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் இன்னும் மெல்லிசு, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முடித்ததும் மெழுகு போடாவிட்டால் மறுபடி வெளுக்கும்.

சிவப்புக்குதிரை:
மாவு ஒட்டியது, உரியவில்லை. பானெட் முடிந்தது. கூரை நாளைக்கு. நன்றி.

நுரைப்பந்து:
சோப்பு எது என்று கடைசி வரை சொல்லவே இல்லையே.