புதுப்பிப்பு: மேக்கில் மட்டும் விழுந்த க்யூடி நிரல்

போன வாரம் கேட்டிருந்தேன்: படங்களைச் சிறிதாக்கும் என் க்யூடி (Qt, ஜன்னல் உள்ள நிரல்களை எழுத உதவும் கருவித்தொகுப்பு) நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகிறது, மேக்கில் மட்டும் செத்து விழுகிறது, ஏன் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தப்பு என்னுடையதுதான்.

பின்னணித் த்ரெட்டிலிருந்தே (த்ரெட் என்றால் நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) புரோகிரஸ் பாரைத் தொட்டிருந்தேன். பார், பட்டன் போன்ற விட்ஜெட்டுகளை, ஜன்னலைக் கவனிக்கும் மெயின் த்ரெட் மட்டுமே தொடலாம். இது எல்லாத் தளத்துக்கும் பொதுவான விதி. மற்ற இரண்டிலும் ஓடியது வெறும் அதிர்ஷ்டம். இப்போது பின்னணியிலிருந்து சிக்னல் (மெயின் த்ரெட்டுக்கு ஒரு செய்தி) மட்டும் அனுப்புகிறேன்.

அப்புறமும் ஜன்னல் உறைந்தது! க்யூத்ரெட்டிலிருந்து (த்ரெட்டை இயக்க க்யூடி தரும் கிளாஸ்) பிறந்த கிளாஸில், வேலையைச் செய்யும் ஸ்லாட்டை (சிக்னல் வந்ததும் ஓடும் செயல்பாடு) எழுதியிருந்தேன். அந்த ஆப்ஜெக்ட் தன்னை உருவாக்கிய மெயின் த்ரெட்டுக்கே சொந்தம், அதனால் ஸ்லாட்டும் அங்கேயே ஓடியிருக்கிறது. (அதற்கு க்யூத்ரெட் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.) வேலைக்கென்று தனி வொர்க்கர் கிளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்டை மூவ்டுத்ரெட் மூலம் பின்னணித் த்ரெட்டுக்கு நகர்த்தினேன். அதற்குப் பேரன்ட் (அதைச் சொந்தமாக வைத்திருக்கும் இன்னொரு ஆப்ஜெக்ட்) கொடுத்திருந்ததால் முதலில் நகர மறுத்தது, எடுத்ததும் சரியாகிவிட்டது.

படங்களுக்கு க்யூபிக்ஸ்மேப்பை (திரையில் காட்டுவதற்கான பட வகை) விட்டு க்யூஇமேஜுக்கு (படத்தைத் திருத்துவதற்கான வகை) மாறிவிட்டேன். பின்னணித் த்ரெட்டில் அதுதான் பாதுகாப்பு.

பாக்கி ஒன்று: நடுவில் ஜன்னலை மூடினால் வொர்க்கர் நிற்பதில்லை. இன்று இரவு பார்க்கிறேன்.