ஐந்து பாகத் தொடரில் அதிகாரி வில்லனை எழுதுவது எப்படி?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் நடக்கும் அரசியல் அறிவியல் புனைவுத் தொடர் ஒன்று எழுதுகிறோம். கடலிலிருந்து வந்த ஒன்று கரையோர ஊர் ஒன்றை முழுசாகக் கேட்கிறது. பேரம் பேசுபவர் தலைமைச் செயலக அதிகாரி. முன்மாதிரி 2009 ஜூலையில் பிபிசி ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பிய 'டார்ச்வுட்: சில்ட்ரன் ஆஃப் எர்த்'. ஆனால் எங்கள் ஆள் வாயைத் திறந்தாலே பழைய பட வில்லனாகிவிடுகிறார். எங்கே கோளாறு?

கெடிலக்கரை:
(முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.)
அவருக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்திருப்பீர்கள். பீட்டர் கபால்டி நடித்த ஃப்ரோபிஷர் உள்துறையின் நிரந்தரச் செயலாளர், அமைச்சர்கூட இல்லை. நாளைக்குக் கைகழுவ வசதியாகத்தான் பிரதமர் அவரை முன்னே நிறுத்துகிறார். கொலை உத்தரவுக்கு அங்கே 'வெற்றுத்தாள்' என்று பெயர்.

அமைச்சரவைக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். வேற்றுகிரகத்தார் கேட்பது குழந்தைகளில் 10 சதவீதம். முதலில் குலுக்கல் பேச்சு, அடுத்து தங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு, பிறகு பள்ளித் தரவரிசையில் கடைசியிலுள்ள பள்ளிகளின் பிள்ளைகள். ஒவ்வொரு படியும் நியாயம் போலவே ஒலிக்கும், அதுதான் பயங்கரம். கடைசியில் ஃப்ரோபிஷரின் இரண்டு மகள்களையே கொடுக்கச் சொல்கிறார்கள். அவர் 'கோரிக்கைப் படிவம் 31' கேட்கிறார். துப்பாக்கிக்கும் படிவம்தான்; அதால் குடும்பத்தைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறார்.

உப்பளம்:
படிவம் சரி, அதை நம்மூர்க் கோப்பாக மாற்றுங்கள். பச்சைக் குறிப்புத்தாளில் பத்தி எண்ணோடு உதவியாளர் எழுதுவார். கண்காணிப்பாளர், சார்புச் செயலர் என்று மேலே போகும். வில்லன் அதில் 'நேரில் பேசவும்' என்று மட்டும் எழுதித் திருப்பட்டும். பேசியது எங்கும் பதிவாகாது. மறுநாள் அதே உதவியாளர் வேறு குறிப்போடு வருவார், பொறுப்பு அவர் தலையில். ஆணை 'துணைநிலை ஆளுநரின் ஆணைப்படி' என்று வெளியாகும், கையெழுத்து சார்புச் செயலருடையது.

ஊரைத் தேர்ந்தெடுக்க அளவுகோல் வேண்டுமே, சிவப்பு ரேஷன் கார்டு (வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுடையது) அதிகமுள்ள ஊர் என்று வையுங்கள். பள்ளித் தரவரிசைக்கு அது நேர் சமம். இன்னொன்று: புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலமில்லை. பாகூர்ப் பக்கம் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஊர்கள் மாறி மாறி வரும். 'இது தமிழ்நாடு அரசின் எல்லைக்குட்பட்டது' என்று ஒரு கடிதம் போட்டால் மீட்பு வேலை அப்படியே நிற்கும். மூன்றாம் பாகத்துக்கு இது ஒன்றே போதும்.

முத்தியால்பேட்டை:
மிக்க நன்றி. அவரை மாட்டிவிடுவது யார்? பத்திரிகையாளரா?

கெடிலக்கரை:
வேண்டாம், வெளியாள் வந்தால் கட்டமைப்பே தளர்ந்துவிடும். அங்கே ஃப்ரோபிஷரின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த லோயிஸ் கேமரா பொருத்திய கான்டாக்ட் லென்ஸ் அணிந்து உள்ளே போகிறார். ஒலி வராது, உதட்டசைவை வைத்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார்கள். அதே லென்ஸால் பிரதமரை மாட்டவைப்பது ஃப்ரோபிஷரின் நெடுநாள் செயலர் பிரிட்ஜெட். உங்களுக்குத் தபால் பிரிவில் பதிவெண் போடும் பெண் பொருத்தம். முதல் பாகத்திலேயே அவர் கைவழியாக இரண்டு கோப்பாவது போகட்டும். நான்காம் பாகத்தில் திடீரென்று நுழைத்தால் எடுபடாது.